இரண்டே முக்கால் அங்குலம்

அம்மா முப்பது ஆண்டுகளாக ரவிக்கை தைப்பவர். காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய அறையில் அவருடைய தையல் இயந்திரம் இருக்கிறது. அதன் இழுப்பறையில், வாடிக்கையாளர்களின் அளவுகளை எழுதி வைக்கும் நீள நோட்டு எப்போதும் கிடக்கும். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம்: மார்புச் சுற்றளவு, இடுப்பு, கைக்குழி, கை நீளம், கழுத்து இறக்கம். அந்த நோட்டில் அம்மாவின் பெயரிலும் ஒரு பக்கம் உண்டு என்பதும், அதில் 'இடது' என்று மட்டும் எழுதி நேரே 2¾ என்று குறித்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது, இடது மார்பில் இருந்த கட்டியை அவர் யாரிடமும் சொல்லாமல் ஏழு மாதங்கள் கடத்தியிருந்தார்.

2022 ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் குளித்துவிட்டு வந்தபோது தற்செயலாகத்தான் பார்த்தேன். இடது மார்பின் வெளிப்பக்கத் தோல் சாத்துக்குடித் தோலைப் போலப் புள்ளி புள்ளியாகக் குழிந்து தடித்திருந்தது; காம்பு ஒருபுறமாக இழுபட்டிருந்தது; ஓரிடத்தில் நாணய அகலத்துக்குத் தோல் சிவந்து மினுமினுத்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா ஆத்தா?" என்றார். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதும், வலி இல்லை என்பதை நம்பித்தான் நம் பெண்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. உள்ளூரில் நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் அதைச் சீழ்க்கட்டி என்று சொல்லி இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஏழு மாதங்களை மறைத்த அம்மாவை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த இரண்டு வாரங்களை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு மதுரை. ஊசியைச் செலுத்திச் சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும், அம்மாவின் அண்ணன், அதாவது என் பெரிய மாமா, ஊசி பட்டால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும் என்று தடுக்கப் பார்த்தார். ஊரில் பாதிப் பேர் நம்புவதைத்தான் அவரும் நம்பினார். அந்தத் துணுக்கு இல்லாமல் எந்த மருந்தைக் கொடுப்பது என்றே முடிவுசெய்ய முடியாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்), புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 புரதம் ஆகிய மூன்றும் அந்த உயிரணுக்களில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் சிகிச்சையின் பாதை பிரிகிறது. அம்மாவுக்கு மூன்றும் இல்லை. ட்ரிப்பிள் நெகட்டிவ் என்று சொல்லும் வகை. ஹார்மோன் மாத்திரையும் ஹெர்-2 மருந்தும் இதில் வேலை செய்யாது. நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகியவற்றின் ஸ்கேன்களில் பரவல் எதுவும் இல்லை. அக்குளில் நெறிகட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கட்டி ஏழு சென்டிமீட்டர். தோலைப் பிடித்துவிட்டதால் மூன்றாம் நிலையில் 'பி' என்று எழுதினார்கள்.

அறுவைச் சிகிச்சை மருத்துவர் சோதித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இப்போது ஆபரேஷன் கிடையாது, முதலில் ஆறு மாதம் கீமோ, அதன் பிறகுதான் ஆபரேஷன் என்றார். மாமா எழுந்தே நின்றுவிட்டார். "விஷத்தை உள்ளே வைத்துக்கொண்டு ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறீர்களா? அறுத்துப் போட்டுவிட்டு என்ன மருந்து வேண்டுமானாலும் கொடுங்கள்" என்ற அவருடைய குரல் வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற, கையால் தொட முடிகிற பகையை உடம்பில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இரவும் தூங்கப் போவது என்பது, சொல்லிப் புரியவைக்கக்கூடிய துன்பம் அன்று.

பாடநூல்களில் இதற்கு முன்துணை வேதிச்சிகிச்சை என்றொரு சொல் இருக்கிறது. வார்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. 'ஆபரேஷனுக்கு முன்னால் கீமோ' என்பதோடு சரி. ஆனால் அந்த 'முன்னால்' என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1882 இல் தொடங்கி, மார்பகத்தையும் அதன் அடித்தசையையும் அக்குள் நெறிகளையும் ஒருசேர நீக்கும் முறையை நிலைநிறுத்தினார். முடிந்தவரை அதிகமாக வெட்டினால் நோய் தீரும் என்ற நம்பிக்கை அதன்பின் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 1943 இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹாகன்சென், ஸ்டவுட் ஆகிய இருவரும் தங்கள் நோயாளிகளின் பதிவேடுகளை அலசி, சில அறிகுறிகள் இருந்தால் வெட்டியும் பயனில்லை என்று பட்டியலிட்டார்கள்: பரவலாக வீங்கிய தோல், புண்ணாகிய தோல், நெஞ்சுச் சுவரோடு ஒட்டிய கட்டி, அசையாமல் இறுகிய அக்குள் நெறிகள். அத்தகையவர்களுக்கு அறுவை செய்தால் தையல் போட்ட இடத்திலேயே நோய் திரும்பியது. அம்மாவின் தோல் அந்தப் பட்டியலில் இருந்தது. மாமா கேட்ட அவசர அறுவையைச் செய்திருந்தால், நோயுள்ள தோலோடு நோயுள்ள தோலைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். நைந்த துணியில் தையல் நிற்காது என்று அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மருத்துவர் முடிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

வெட்ட முடியாதவர்களுக்கு முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பதை 1970களில் இத்தாலியின் மிலான் நகரப் புற்றுநோய் நிலையத்தார் செய்து காட்டினார்கள். நம் பக்கத்திலும் இது புதிதன்று. முத்துலட்சுமி ரெட்டி 1954 இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், முற்றிய நிலையில் வந்த பெண்களுக்கு அறுவைக்கு முன்பே கதிர்வீச்சையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். மேலை நாடுகளைவிட இங்கே பெண்கள் முற்றிய பிறகே அதிகம் வந்ததால், அந்த வழியைத் தேட வேண்டிய கட்டாயமும் இங்கே அதிகம் இருந்தது.

காத்திருந்தால் உயிருக்கு ஆபத்தில்லையா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 1988 முதல் 1993 வரை அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் குழுவினர் 1,523 பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அறுவைக்கு முன்பும் மறுபாதிக்கு அறுவைக்குப் பின்பும் அதே மருந்தை அதே அளவில் கொடுத்தார்கள். உயிர்வாழ்வில் இரண்டு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. முதலில் மருந்து பெற்றவர்களில் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் தப்பியவர்கள் சற்று அதிகம், அவ்வளவே. அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாரும் உடனே அறுவை செய்யக்கூடிய நிலையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இது ஒரு தேர்வு, அம்மாவைப் போன்றவர்களுக்கு வேறு வழியே இல்லை.

எங்கள் வீட்டில் மனம் மாறியதற்கு இந்த எண்கள் காரணம் அல்ல. "அம்மா, கட்டியை எடுத்துவிட்டு மருந்து கொடுத்தால் அந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவே தெரியாது. கட்டி இருந்தால்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியும். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கும் நோய்க்கும் இதே மருந்துதானே போய்ச் சேர்கிறது" என்றார் கீமோ மருத்துவர். அப்படியானால் கட்டிதான் அளவுகோல் என்றார் அம்மா. மாமாவும் உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் உயரமும் எடையும் எடுத்தார்கள்: 153 சென்டிமீட்டர், 53 கிலோ. அதிலிருந்து உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று எழுதினார்கள். சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் அட்ரியாமைசின் 90 மில்லிகிராம், 600 வீதம் சைக்ளோபாஸ்பமைடு 900 மில்லிகிராம். இதைக் கேட்டு அம்மா சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என்னை விரித்துப் போட்டால் ஒன்றரை மீட்டர்தானா? ஒரு ரவிக்கைக்கே எண்பது சென்டிமீட்டர் துணி கேட்பேனே" என்றார். செவிலியரும் சிரித்துவிட்டார். அதற்கு முன்பே எக்கோ எடுத்து இதயத்தின் திறனைப் பார்த்திருந்தார்கள், ஏனென்றால் அட்ரியாமைசின் இதயத்தசையைக் கெடுக்கக்கூடியது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருக்கிறது. நான்கு தவணைக்கு 240. அந்தக் கணக்கை அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

சிவப்பு மருந்து என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ரோஸ்மில்க்கை விட அடர்த்தியான, நன்னாரி சர்பத்தை விட வெளிச்சமான சிவப்பு. செவிலியர் அதைச் சொட்ட விட்டுவிட்டுப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, சிரிஞ்சைத் தன் கையால் மெல்ல அழுத்தி, நடுநடுவே இரத்தம் திரும்பி வருகிறதா என்று பின்னிழுத்துப் பார்த்து ஏற்றினார். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே வெந்துவிடும் என்பதால் அந்தக் கவனம். அன்று மாலை சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து அம்மா பதறிப்போய்க் கூப்பிட்டார். அது இரத்தம் அன்று, மருந்தின் நிறம் என்று முன்னமே சொல்லியிருந்ததை நான்தான் அவரிடம் சொல்ல மறந்திருந்தேன். இத்தாலியில், ஏட்ரியாட்டிக் கடலுக்கு அருகே, பழைய கோட்டை ஒன்றின் பக்கத்து மண்ணில் எடுத்த நுண்ணுயிரி வழியாகவே இந்த மருந்து பிறந்தது, பெயரிலும் அந்தக் கடல்தான் இருக்கிறது என்று பிறகு படித்தேன். கடலின் பெயரை வைத்துக்கொண்டு இவ்வளவு சிவப்பாக இருப்பது வேடிக்கைதான்.

பதினாறாம் நாள் தலையணையில் முடி. பதினெட்டாம் நாள் அம்மா துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோலைக் கொடுத்து, "கொத்துக் கொத்தாக விழுவதைப் பெருக்கிக்கொண்டிருக்க முடியாது, நீயே வெட்டிவிடு" என்றார். வெட்டினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டாம் தவணைக்குப் பின் பத்தாம் நாள் இரவில் உடம்பு சுட்டது. வெப்பமானி 101 காட்டியது. 100.4 டிகிரியைத் தாண்டினால் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது, எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும் என்று சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரவு பதினொன்றரைக்கு வாடகைக் காரில் மதுரைக்குக் கிளம்பினோம். மருந்து ஏறிய ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரை வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடக்கூடியது. வார்டில் அதை 'கவுண்ட் விழுந்துவிட்டது' என்கிறார்கள். நான்கு நாள் நரம்பு வழியே நோய்க்கொல்லி மருந்து ஏற்றி அனுப்பினார்கள். கீமோவைத் தொடங்கப் போகிற யாராவது இதைப் படித்தால், எல்லாவற்றையும் மறந்தாலும் அந்தக் காய்ச்சல் எண்ணை மட்டும் மறக்காதீர்கள். ஒரு வெப்பமானியை இன்றே வாங்கி வையுங்கள்.

முதல் தவணை முடிந்த மூன்றாம் வாரம், அடுத்த ஊசிக்கு முந்தைய நாள் இரவு, அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்தார். பழைய மஞ்சள் டேப். 2½. மறுநாள் மருத்துவர் காலிப்பர் வைத்துப் பார்த்து எழுதியதும் ஏறத்தாழ அதுவே. இரண்டாம் தவணைக்குப் பிறகு 2¼, மூன்றுக்குப் பிறகு 1¾, நான்குக்குப் பிறகு 1¼. எண்ணைவிடத் தொடு உணர்வில் மாற்றம் அதிகம் என்பார் அம்மா. முன்பு கொட்டாங்கச்சி போல இருந்தது, இப்போது ஊறிய பருப்பு போல இருக்கிறது என்று சொன்னார். சாத்துக்குடித் தோல் மெல்ல மெல்லச் சமனாகியது, சிவப்பு வெளிறியது. எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. எங்களுக்கு எதிர்க் கட்டிலில் இருந்த அக்காவுக்கு இரண்டு தவணைக்குப் பிறகும் கட்டி அசையவில்லை. மூன்றாவதைக் கொடுக்காமல் மருந்தையே மாற்றினார்கள். அறுவையை முதலில் செய்திருந்தால், வேலை செய்யாத மருந்தை மிச்சத் தவணைகள் முழுக்க அவர் வாங்கிக்கொண்டிருப்பார், யாருக்கும் தெரிந்திருக்காது.

அதன்பின் வாரம் ஒருமுறையாக பன்னிரண்டு வாரம் பேக்லிடாக்சல். பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் முதலில் கண்டெடுத்த மருந்து. வாந்தி குறைந்தது, சாப்பாடு இறங்கியது; ஆனால் ஏழாவது வாரத்தில் விரல் நுனிகள் மரத்தன. ஊசியில் நூல் கோக்க அம்மாவால் முடியவில்லை. பழக்கத்தால் கொக்கி தைக்க உட்கார்ந்தவர், ஊசி ஆள்காட்டி விரலில் ஏறியதை அறியாமலே தைத்திருக்கிறார். துணியில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் விரலைப் பார்த்தாராம். ஆறு மாத காலத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ட்ரிப்பிள் நெகட்டிவ் வகைக்கு இந்தக் கட்டத்திலேயே பெம்ப்ரோலிசுமாப் என்ற, உடலின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தையும் சேர்ப்பது 2021 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட முறை. அதன் விலையை மருத்துவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வீட்டை விற்றாலும் முழுத் தவணைக்குக் காணாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வந்ததைக் கொண்டு நடத்தினோம்.

பேக்லிடாக்சல் முடிந்தபோது டேப்புக்கு வேலை இருக்கவில்லை. நோட்டில் அந்த வரிசையில் அம்மா ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். ஸ்கேனிலும் திட்டமான கட்டி தெரியவில்லை. கரைந்தே போன பிறகு எதற்கு முழு மார்பையும் எடுக்க வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அறுவை மருத்துவர் சொன்ன பதிலை நான் எங்கே போனாலும் சொல்கிறேன்: கண்மாய் வற்றும்போது எப்போதும் நடுவில் மட்டும் தண்ணீர் நிற்பதில்லை; அங்கங்கே பள்ளங்களில் குட்டை குட்டையாகவும் நிற்கும். கட்டி கரைவதும் அப்படித்தான். தோலைப் பிடித்திருந்த நோய் என்பதால், கரைந்த பின் இருக்கும் நிலையை வைத்து அன்று, வந்த நாளில் இருந்த நிலையை வைத்தே அறுவையையும் அதன்பின் கரண்ட் வைப்பதையும் முடிவுசெய்கிறார்கள். (கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.) சிறிய கட்டியோடு வந்து மார்பைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிறவர்களுக்குக் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் அரிசியை விடச் சிறிய உலோகக் குறி ஒன்றை வைத்துவிடுகிறார்கள், எல்லாம் கரைந்துவிட்டால் எந்த இடத்தை எடுப்பது என்று தெரிய வேண்டுமே.

2023 மார்ச்சில் அறுவை. இரண்டு ரப்பர்க் குழாய்களும் நீர் சேரும் டப்பாக்களும் தொங்க ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். டப்பாக்களைப் போட்டுக்கொள்ளத் தோளில் மாட்டும் துணிப்பை ஒன்றை முன்கூட்டியே தைத்து எடுத்து வந்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டதால் பிறகு ஆறு பைகள் தைத்துக் கொடுத்தனுப்பினார்.

எடுத்ததைச் சோதித்த அறிக்கை வந்தபோதுதான் குட்டை என்ற சொல்லின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. மார்பில் 8 மில்லிமீட்டர் பரப்பில் சிதறிய உயிரணுக்கள். அக்குளில் எடுத்த பதினாறு நெறிகளில் ஒன்றில் நோய். இந்த வகையில், இத்தகைய மருந்துகளால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. அவர்களுக்கு நோய் திரும்புவது மிகவும் குறைவு. நாங்கள் அந்தப் பங்கில் இல்லை. அன்று வீட்டில் யாரும் பேசவில்லை. ஆனால் மிஞ்சியது தெரிந்ததால்தான் அடுத்த கதவு திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் இப்படி மிச்சம் இருந்த 910 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017 இல் வெளியானது. அறுவைக்குப் பின் கேப்சிடாபின் மாத்திரை பெற்ற ட்ரிப்பிள் நெகட்டிவ் பெண்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 79; பெறாதவர்களில் 70. ஒன்பது பேர். மாமாவிடம் அந்த ஒன்பதைச் சொன்னேன். ஒன்பது வீட்டில் அடுப்பு எரியும் என்றார் அவர்.

மூன்று வாரத்தில் பதினைந்து முறை கரண்ட் வைத்து முடித்து, மாத்திரை தொடங்கியது. இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விட்டு, எட்டுச் சுற்று. உள்ளங்கையும் பாதமும் சிவந்து உரிந்தன. ஐந்தாம் சுற்றில் ரேஷன் கடையில் விரலை வைத்தால் கருவி ஏற்கவில்லை. இந்த மாத்திரை சிலருக்கு விரல் ரேகையையே தேய்த்துவிடும். மரத்திருந்த விரலில் இப்போது ரேகையும் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குவார். மாத்திரை நிறுத்திய பின் சில மாதங்களில் ரேகை திரும்பியது. விரல் நுனி உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. கொக்கி தைப்பதை இப்போது பக்கத்துத் தெருப் பெண்ணிடம் கொடுக்கிறார், வெட்டுவதை மட்டும் எவரிடமும் கொடுப்பதில்லை.

நோட்டில் அம்மாவின் பக்கம் இன்னும் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. அக்குள் நெறிகளை எடுத்த கையில் நீர் தேங்கி வீங்கலாம் என்பதால், மாதம் ஒருமுறை முழங்கைக்கு நான்கு அங்குலம் மேலே இரண்டு கைகளின் சுற்றளவையும் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் எழுதியது: வலது 10, இடது 10¼.